லிப்ரே ஆபீஸ் டிரா: பெட்டிகளைச் சம இடைவெளியில் நிறுத்துவதும் கனெக்டர் கோணலாகாமல் பார்ப்பதும்

தாள்மடிப்பு:

வணக்கம். ஒரு நூலகத்தில் நூல் வழங்கும் முறையை லிப்ரே ஆபீஸின் படம் வரையும் செயலியான டிராவில் ஓட்டப்படமாக (ஃப்ளோசார்ட்) வரைகிறேன். 7.6 பதிப்பு, ஏ4 தாள், குறுக்குவாட்டில். வாசகர், கவுன்ட்டர், இருப்பு அறை என்று மூன்று பத்திகள் (செங்குத்துப் பட்டைகள்). 14 பெட்டி, 3 சாய்சதுரம், அவற்றை இணைக்கும் கோடுகளாக 19 கனெக்டர். ஒவ்வொரு பத்திக்கும் பின்னால் வெளிர் நிறத்தில் ஓர் அகலமான செவ்வகம் போட்டிருக்கிறேன். நான்கு இடத்தில் சிக்கல்.

ஒரு பத்தியைச் சுற்றி மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுத்து, செங்குத்தாக 'டிஸ்ட்ரிபியூட்' (சமமாகப் பரப்பும் கட்டளை) கொடுத்தால் இடைவெளி சமமாக வருவதில்லை. முன்பிருந்ததைவிட மோசமாகிறது.

எல்லாப் பெட்டிகளும் ஒரே அகலத்தில் இருக்கட்டும் என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எஃப்4 அழுத்தினால் வரும் இட, அளவுச் சாளரத்தில் அகலம் 50 மி.மீ. என்று கொடுத்தேன். முழுப் படமும் 50 மி.மீ.க்குள் நசுங்கிவிட்டது.

நேராகக் கீழே இறங்க வேண்டிய கனெக்டரின் நடுவில் சின்னதாக ஒரு படி விழுகிறது. சில கனெக்டர்கள் பெட்டியை நகர்த்தியதும் வேறு பக்கத்துக்குத் தாவிவிடுகின்றன.

பெட்டியைப் பிடிக்கப் போனால் பின்னாலிருக்கும் செவ்வகம் மாட்டிக்கொண்டு நகர்கிறது.

முதலிலிருந்து வரைவதானாலும் சரி. எந்த வரிசையில் செய்தால் இவை வராது?


கட்டக்கோடு:

எஃப்4-ல் நடந்ததற்குக் காரணம் எளிது. பல பொருள்கள் தேர்வில் இருக்கும்போது அந்தச் சாளரம் காட்டுவது தனித்தனிப் பெட்டியின் அளவை அல்ல. அத்தனையையும் சுற்றி ஒரு சட்டம் போட்டால் அந்தச் சட்டத்தின் அளவு. அதை 50 என்று மாற்றினால் எல்லாமே விகிதப்படி சுருங்கும். அகலத்தை மட்டும் சமமாக்க, பல வடிவங்கள் தேர்வில் இருக்கும்போது வலது கிளிக் மெனுவில் 'ஈக்வலைஸ் விட்த்', 'ஈக்வலைஸ் ஹைட்' என்று இரண்டு கட்டளைகள் கிடைக்கும். கடைசியாகத் தேர்ந்தெடுத்த பெட்டியின் அளவுதான் மற்றவற்றுக்கும் வரும். அதனால் சரியான அளவுள்ள பெட்டியை ஷிஃப்ட் அழுத்திக் கடைசியில் கிளிக் செய்யுங்கள்.

டிஸ்ட்ரிபியூட் கெடுவது கனெக்டர்களால். டிராவுக்குக் கனெக்டரும் ஒரு பொருள்தான். மவுஸால் சுற்றி இழுக்கும்போது முழுவதும் உள்ளே அகப்பட்ட எதுவும் தேர்வாகிவிடும். 6 பெட்டியோடு 5 கனெக்டரும் சேர்ந்து 11 பொருளாக, அந்த 11-ஐயும் சமமாகப் பரப்பப் பார்க்கிறது. பெட்டிகள் மட்டும் தேர்வில் இருக்க வேண்டும். கீழே நிலைப்பட்டையில் எத்தனை பொருள், என்ன வகை என்று காட்டும். கட்டளை கொடுக்குமுன் அதை ஒருமுறை பாருங்கள்.

முதலிலிருந்து வரையத் தயார் என்கிறீர்கள். அப்படியானால் கண்ணளவை விட்டுவிட்டு எண்ணில் தொடங்குங்கள்.

ஏ4 குறுக்குவாட்டில் 297 × 210 மி.மீ. நாற்புறமும் 10 விட்டால் கைக்கு வருவது 277 × 190. மூன்று பத்தி, ஒவ்வொன்றும் 90 அகலம் என்றால் 270. உயரத்தில் பத்தித் தலைப்புக்கு 15 போக 175 மிஞ்சும். பெட்டி 50 × 20, ஒரு பெட்டியின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 30 என்று வைத்தால், 6 வரிசைக்கு 150 + 20 = 170. சரியாக அடங்கும். பக்கத்துப் பத்திகளின் பெட்டிகளுக்கு நடுவே 40 மி.மீ. கிடைக்கும், கனெக்டர் வளைந்து போக அது தாராளம்.

50, 20 என்ற எண்களுக்கும் காரணம் உண்டு. கட்டத்தை (கிரிட்) 5 மி.மீ. என்று வைத்து 'ஸ்னாப் டு கிரிட்' போட்டால் பெட்டியின் விளிம்புகள் 5-இன் மடங்கில் நிற்கும். பெட்டியின் பாதி அளவும், அதாவது 25-உம் 10-உம், 5-இன் மடங்காக இருந்தால் மையமும் கட்டத்தின் மேலேயே விழும். உயரம் 12 என்று வைத்தால் பாதி 6. விளிம்பு கட்டத்தில் நிற்கும், மையம் ஒருபோதும் நிற்காது. உங்கள் கனெக்டரில் விழும் படி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. கனெக்டர் மையத்திலிருந்து மையத்துக்குப் போகிறது. ஒன்று 0.4 மி.மீ. தள்ளியிருந்தால், செங்கோணத்தில் மட்டும் திரும்பத் தெரிந்த கோடு வேறென்ன செய்யும்? நடுவில் ஒரு படி இறங்கிப் போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அம்புக்குறி விசையால் நகர்த்தினால் ஒவ்வொரு தட்டுக்கும் 1 மி.மீ. நகரும், கட்டத்துக்குக் கட்டுப்படாது. ஆல்ட் சேர்த்து அழுத்தினால் திரையின் ஒரு பிக்சல் அளவு நகரும், அது மி.மீ.யில் எவ்வளவு என்பது அப்போதைய ஜூமைப் பொறுத்தது. கடைசி நேரத்தில் "கொஞ்சம் இப்படித் தள்ளலாம்" என்று ஆல்ட் + அம்புக்குறியில் தட்டிய பெட்டிதான் பிறகு கோணலாக நிற்கும்.

இனி வரையும் முறை. முதல் பத்தியின் மேல் பெட்டி ஒன்றை மட்டும் வரைந்து எஃப்4-ல் 50 × 20 கொடுங்கள். அதே சாளரத்தில் ஒன்பது புள்ளிகள் கொண்ட ஒரு சிறு சதுரம் இருக்கும். அதில் நடுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் இட எண்கள் இடது மூலைக்குப் பதில் பெட்டியின் மையத்தைக் குறிக்கும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது: ஒரு பத்தியிலுள்ள எல்லாவற்றுக்கும் கிடைமட்ட எண் ஒன்றே, அடுத்த பத்திக்கு அதோடு 90, மூன்றாவதுக்கு 180.

பிறகு ஷிஃப்ட் + எஃப்3. 'டூப்ளிகேட்' சாளரத்தில் எண்ணிக்கை 5, எக்ஸ் அச்சு 0, ஒய் அச்சு 30. மொத்தம் 6 பெட்டி, அளவும் இடைவெளியும் பிசகாமல் இறங்கும். அந்த ஆறையும் தேர்ந்தெடுத்து மறுபடி ஷிஃப்ட் + எஃப்3: எண்ணிக்கை 2, எக்ஸ் 90, ஒய் 0. இப்போது 18 இடம். உங்களுக்கு வேண்டியது 17. ஒன்றை நீக்குங்கள், மூன்றைச் சாய்சதுரமாக மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட் கட்டளைக்கே வேலையில்லை.

சாய்சதுரத்தில் ஓர் எச்சரிக்கை. அதற்குள் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் நடுவிலுள்ள பாதி அகலம், பாதி உயரம் மட்டுமே. 50 × 20 சாய்சதுரத்தில் 25 × 10 தான். 60 × 30 என்று வையுங்கள். மையம் மாறாதவரை வரிசை கெடாது. பெட்டிக்கும் பெட்டிக்கும் 10 மி.மீ. இடைவெளி இருக்கும் இடத்தில், பெட்டிக்கும் சாய்சதுரத்துக்கும் 5 தான் இருக்கும். அம்புத்தலை தெரிய அது போதும், ஆனால் 'ஆம்', 'இல்லை' என்று எழுத இடமிருக்காது. அந்தச் சொற்களைக் கோட்டின் பக்கவாட்டில் வையுங்கள்.


முனைப்புள்ளி:

கட்டக்கோடு சொன்ன மைய முறையை ஏற்கிறேன், ஒரே இடத்தில் மாற்றுக் கருத்து. பத்திகளுக்கிடையே குறுக்கே கோடு போகும் படத்துக்கு மையங்கள் ஒரே வரிசையில் நிற்பதுதான் முக்கியம். ஒற்றைப் பத்தியாகக் கீழே இறங்கும் படமென்றால் மையத்தைப் பார்க்காமல் இடைவெளியைச் சமமாக்குங்கள். டிஸ்ட்ரிபியூட் மெனுவில் 'சென்டர்' வேறு, 'ஸ்பேசிங்' வேறு. எல்லாம் ஒரே உயரமென்றால் இரண்டும் ஒரே விளைவு தரும். உயரம் வேறுபட்டால் 'ஸ்பேசிங்' தான் கண்ணுக்குச் சீராகத் தெரியும். எதைக் கொடுத்தாலும் இரு ஓரத்திலுள்ள பொருள்கள் அசையாது, இடையிலுள்ளவை மட்டும் நகரும். அதனால் குறைந்தது மூன்று பொருள் தேவை, முதலையும் கடைசியையும் சரியான இடத்தில் வைத்த பிறகே கட்டளை கொடுக்க வேண்டும்.

பொருள்களை ஒரே கோட்டில் ஒதுக்கும் 'அலைன்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே பொருள் தேர்வில் இருந்தால் அது தாளைப் பார்த்து ஒதுங்கும். பல இருந்தால் தங்களுக்குள் ஒதுங்கும்: இடது என்றால் யார் மிக இடதுபுறம் இருக்கிறாரோ அவர் விளிம்புக்கு, நடு என்றால் மொத்தச் சட்டத்தின் நடுவுக்கு. 5 பெட்டி சரியாக நின்று ஒன்று மட்டும் 8 மி.மீ. விலகியிருந்தால், நடு என்று கொடுத்ததும் சரியாக நின்ற ஐந்தும் 4 மி.மீ. நகர்ந்துவிடும். இதைத் தடுக்க வழி உண்டு. சரியாக நிற்கும் ஒரு பெட்டியை எடுத்து எஃப்4-ல் 'ப்ரொடெக்ட் – பொசிஷன்' டிக் செய்யுங்கள். அதையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து அலைன் கொடுத்தால், அது நகராமல் நிற்கும், மற்றவை அதற்கு ஒதுங்கும். வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிடலாம்.

இப்போது கனெக்டர். பக்கம் தாவுவதற்குக் காரணம் நீங்கள் முனையை விட்ட இடம். கனெக்டர் முனையைப் பெட்டியின் மேல் கொண்டுபோகும்போது விளிம்புகளில் ஒட்டுப்புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளியின் மேலேயே விட்டால் முனை அங்கேயே கட்டுண்டுவிடும்; பெட்டி எங்கே போனாலும் அதே பக்கம்தான். பெட்டியின் உள்ளே பொதுவாக விட்டால், முனை பெட்டியோடு கட்டுண்டிருக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்பதை டிராவே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்கும். பெட்டியை நகர்த்தியதும் 'இதைவிட அந்தப் பக்கம் அருகில்' என்று மாறிக்கொள்ளும். வரைந்து பழகும் கட்டத்தில் அது வசதி. இறுதிப் படத்தில் எல்லா முனையும் புள்ளியில்தான் இருக்க வேண்டும். தாவும் கனெக்டரைத் தேர்ந்தெடுத்து அதன் முனையைப் பிடித்து வேண்டிய புள்ளியில் கொண்டுபோய் விடுங்கள், அதை அழித்து வரைய வேண்டியதில்லை.

எந்த முனை ஒட்டவே இல்லை என்று கண்டுபிடிக்க, பெட்டியைச் சற்றுத் தள்ளிப் பாருங்கள். கோடு பின்தங்கினால் ஒட்டவில்லை. கன்ட்ரோல் + இசட் போட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து முனையைச் சரிசெய்யுங்கள்.

செங்கோணக் கனெக்டரின் நடுத்துண்டைக் கையால் இழுத்து இடம் மாற்றலாம். ஆனால் அந்த இழுப்பு நினைவில் நிற்கும். பிறகு பெட்டி நகர்ந்தால் கோடு வினோதமாக வளையும். கனெக்டரில் வலது கிளிக் செய்தால் வரும் மெனுவிலேயே அதை நீக்கும் கட்டளை உண்டு. இழுப்பெல்லாம் அழிந்து புதிதாகப் பாதை போடும். பெட்டிகள் இறுதி இடத்துக்கு வந்த பிறகே நடுத்துண்டில் கை வையுங்கள்.

கவுன்ட்டர் பத்தியில் ஒரே பெட்டிக்கு இரண்டு மூன்று அம்புகள் வந்து சேரும் என்று நினைக்கிறேன். எல்லாம் மேல்விளிம்பின் ஒரே புள்ளியில் முட்டினால் அம்புத்தலைகள் ஒன்றின் மேல் ஒன்று அப்பிக்கொள்ளும். 'எடிட்' மெனுவில் 'க்ளூ பாயின்ட்ஸ்' போனால் சொந்தமாகப் புள்ளி சேர்க்கலாம். 50 மி.மீ. விளிம்பில் இடமிருந்து 12.5, 37.5 என்ற இரண்டு இடத்தில் சேர்த்தால் நடுப்புள்ளியோடு மூன்றாகும். அதே பட்டையில் கோடு எந்தத் திசையில் வெளியேற வேண்டும் என்பதையும் குறிக்கலாம். மேல்விளிம்புப் புள்ளிக்கு மேல்திசை மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் கோடு பக்கவாட்டில் நுழைந்து பெட்டியின் விளிம்போடு ஒட்டி ஓடும்.


தாள்மடிப்பு:

ஷிஃப்ட் + எஃப்3 முறையில் பெட்டிகள் நின்றுவிட்டன. சாய்சதுரம் 60 × 30, மையம் அப்படியே. கனெக்டரில் படி இல்லை. பின்னணிச் செவ்வகம் மட்டும் இன்னும் கையில் மாட்டுகிறது. எஃப்4-ல் பொசிஷனைப் பூட்டினால் நகரவில்லை, ஆனால் தேர்வாகிறது. இன்னொன்று: எழுத்தின் அளவை 11 என்று மாற்றினேன். ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறிதாயின, தமிழ் மட்டும் பெரிதாகவே நின்று பெட்டிக்கு வெளியே வழிகிறது.


எழுத்தடி:

தமிழ் எழுத்துக்கு லிப்ரே ஆபீஸில் தனிக் கணக்கு. எழுத்துருச் சாளரத்தில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பகுதி, 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்று இன்னொரு பகுதி. தமிழ், இந்தி, அரபு எல்லாம் இரண்டாவதில் வரும். நீங்கள் மாற்றியது முதல் பகுதியை. டிராவில் புதுப் பெட்டிக்கு இயல்பான எழுத்தளவு 18 புள்ளி என்பதால் தமிழ் அந்த 18-லேயே நிற்கிறது. அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் 'டூல்ஸ் – ஆப்ஷன்ஸ்' போய் மொழி அமைப்பில் காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

17 வடிவத்திலும் தனித்தனியாக மாற்றாதீர்கள். எஃப்11 அழுத்தி ஸ்டைல் பட்டியலில் 'டிஃபால்ட் டிராயிங் ஸ்டைல்' மேல் வலது கிளிக் செய்து மாற்றுங்கள். இரண்டு பகுதியிலும் எழுத்துருவும் 11 புள்ளியும் கொடுங்கள். அந்த ஸ்டைலை நம்பியிருக்கும் எல்லாம் மாறும். மாறாமல் நிற்பவை நீங்கள் ஏற்கெனவே கையால் மாற்றியவை. அவற்றைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் அழுத்தினால் கைமாற்றம் நீங்கி ஸ்டைலுக்குத் திரும்பும்.

தமிழுக்கு வரி உயரம் கூடுதல் என்பதையும் கணக்கில் எடுங்கள். மேலே 'கி', 'கீ' போன்றவற்றின் விசிறி, கீழே 'கூ', 'ழு' போன்றவற்றின் கொக்கி இரண்டுக்கும் இடம்விட்டு எழுத்துரு செய்கிறார்கள். 11 புள்ளி என்பது ஏறக்குறைய 3.9 மி.மீ.; வரிக்கு வரி 5 முதல் 6 மி.மீ. பிடிக்கும். 20 மி.மீ. பெட்டியில் மூன்று வரி நெருக்கடி, இரண்டு வரி நிம்மதி. நீளமான தமிழ்ச் சொல் அகலத்தையும் தின்னும்; 'புதுப்பிக்கப்பட்டுவிட்டதா' என்பதைவிடச் சாய்சதுரத்துக்குள் 'புதுப்பித்தாயிற்றா?' நன்றாக உட்காரும்.

எழுத்து வழிந்தால் பெட்டியே பெரிதாகட்டும் என்ற வசதியைப் போட்டுவிடாதீர்கள். டெக்ஸ்ட் அமைப்பில் 'ரீசைஸ் ஷேப் டு ஃபிட் டெக்ஸ்ட்' அணைந்தும் 'வேர்ட் ராப்' போட்டும் இருக்கட்டும். முதலாவது போட்டிருந்தால் மூன்று வரி உள்ள பெட்டி மட்டும் சத்தமில்லாமல் 23 மி.மீ. ஆகும், விளிம்பு இடம் மாறும், கட்டக்கோடு போட்டுத்தந்த கணக்கு முழுவதும் போகும்.


கட்டக்கோடு:

பின்னணிக்கு லேயர் (படத்தைப் பிரித்து வைக்கும் அடுக்கு) தான் வழி. 'ப்ரொடெக்ட்' இடத்தைப் பூட்டும், கிளிக்கைத் தடுக்காது. லேயரைப் பூட்டினால் அதிலுள்ளதைத் தொடவே முடியாது.

வரைபரப்பின் கீழே லேயர் தாவல்கள் வரிசையாக இருக்கும். அங்கே வலது கிளிக் செய்து 'பின்னணி', 'கனெக்டர்' என்று இரண்டு புது லேயர் சேருங்கள். செவ்வகத்தின் மேல் மவுஸை அழுத்திப் பிடித்து, விளிம்பு ஒருமுறை மின்னியதும் 'பின்னணி' தாவலின் மேல் இழுத்து விடுங்கள், மூன்றுக்கும் இப்படி. பிறகு தாவலில் வலது கிளிக், 'மாடிஃபை லேயர்', 'லாக்ட்'. பூட்டிய லேயரின் பெயர் சாய்வெழுத்தில் தெரியும், மறைத்ததன் பெயர் நீல நிறத்தில்.

இதில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. டிராவில் லேயர் என்பது யார் மேலே, யார் கீழே என்பதைத் தீர்மானிப்பதில்லை. 'கன்ட்ரோல்ஸ்' லேயர் மட்டும் எப்போதும் மேலே இருக்கும். மற்ற லேயர்கள் மறைக்க, பூட்ட, அச்சில் வராமல் தடுக்க மட்டுமே. முன்பின் வரிசை தனி. எனவே பூட்டுவதற்கு முன்பே செவ்வகங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + கழித்தல் குறி அழுத்தி அடிக்கு அனுப்பிவிடுங்கள். பூட்டிய பிறகு முடியாது.

கனெக்டருக்கும் இதே. 'கனெக்டர்' தாவலைக் கிளிக் செய்துவிட்டு வரைந்தால் எல்லாம் அந்த லேயரில் விழும். வரைந்து முடித்ததும் அதைப் பூட்டுங்கள். இனி கன்ட்ரோல் + ஏ கொடுத்தால் பெட்டிகள் மட்டும் தேர்வாகும். பெட்டியை நகர்த்தினால் பூட்டிய கனெக்டரும் கூடவே நீளும், சுருங்கும். அலைன், டிஸ்ட்ரிபியூட் எதற்கும் குறுக்கே வராது.

ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருப்பதைப் பிடிக்க ஆல்ட் + கிளிக். லினக்ஸில் சில டெஸ்க்டாப்கள் ஆல்ட் + கிளிக்கைச் சாளரத்தை நகர்த்த எடுத்துக்கொள்ளும். அங்கே டேப் (Tab) விசையை அழுத்தி ஒவ்வொன்றாகத் தாவிப் போகலாம்.


முனைப்புள்ளி:

க்ரூப் செய்வதானால், அதாவது வடிவங்களை ஒரே தொகுப்பாகக் கட்டுவதானால், மிகக் கடைசியில், கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஜி. உள்ளே ஒரு சொல்லைத் திருத்த க்ரூப்பைக் கலைக்க வேண்டாம்: எஃப்3 அழுத்தி உள்ளே போய்த் திருத்திவிட்டு கன்ட்ரோல் + எஃப்3 அழுத்தி வெளியே வாருங்கள். 'கம்பைன்', 'மெர்ஜ்' இரண்டையும் க்ரூப் என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள். அவை வடிவங்களையே உருக்கி ஒன்றாக்குபவை. அடியிலிருந்ததன் நிறமும் கோடும் முழுவதுக்கும் வந்துவிடும், கம்பைனில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் ஓட்டையாகும். 'ஸ்ப்ளிட்' கொடுத்தாலும் பழைய பெட்டியும் அதன் நிறமும் திரும்பி வராது.


எழுத்தடி:

படத்தை வேறு தாள் அளவுக்கு மாற்ற நேர்ந்தால், க்ரூப் செய்து மூலையைப் பிடித்துச் சுருக்காதீர்கள். பெட்டிகள் சுருங்கும், எழுத்து 11 புள்ளியிலேயே நிற்கும். 'பேஜ் ப்ராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் தாள் அளவை மாற்றுமுன் 'ஃபிட் ஆப்ஜெக்ட் டு பேப்பர் ஃபார்மட்' டிக் செய்தால் எழுத்தும் சேர்ந்து சுருங்கும். அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். தமிழ் எழுத்துரு கோப்புக்குள்ளேயே போய்விடும். மூலக் கோப்பையே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்கார்ந்து, வரிகள் மறுபடி பெட்டிக்கு வெளியே வழியும்.


தாள்மடிப்பு:

தமிழ் அளவு ஸ்டைலில் சரியாயிற்று. நான்கு வடிவங்கள் மட்டும் மாறாமல் நின்றன, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் கொடுத்ததும் அவையும் வந்துவிட்டன. பின்னணியும் கனெக்டரும் தனி லேயரில் பூட்டியாயிற்று. திருப்பித் தரும் நூல் மூன்று இடத்திலிருந்து வந்து சேரும் பெட்டிக்கு 12.5, 37.5-ல் ஒட்டுப்புள்ளி சேர்த்து மேல்திசை கொடுத்தேன், அம்புத்தலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. எல்லோருக்கும் நன்றி.